அண்ணையின் ரத்தத்தில் தேடியது

கட்டியிலிருந்து ஒரு துண்டெடுக்க அண்ணையின் நெஞ்சுக்குள் ஊசி விட்ட அன்று அவருடைய வலது நுரையீரல் சுருங்கிப்போயிற்று. அது யாருடைய பிழையுமல்ல. கட்டி இருந்த இடம் அப்படி. பெரிய நாளங்களுக்குப் பக்கத்தில், கைக்கெட்டாத மூலையில் ஒளித்திருந்தது. இப்படியும் நடக்கலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விலாவில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டுக் கட்டிலின் கீழே வைத்தார்கள். அண்ணை மூச்சு விடும்போதெல்லாம் போத்தலுக்குள் குமிழி கிளம்பியது. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்தக் குமிழிகளைப் பார்த்தபடி இருந்தேன். எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

அண்ணை வாழ்நாளில் பாதியைச் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறைகளில் கழித்தவர். பருத்தித்துறையில் எங்கள் குடும்பம் கடலை நம்பிப் பிழைத்த குடும்பம். அப்பாவுக்கு வள்ளம், அண்ணைக்குக் கப்பல். எனக்குத்தான் கரும்பலகை வாய்த்தது. ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கலியாணம் செய்யவில்லை. அண்ணி காலமான பிறகு அண்ணை தன்னுடைய பெட்டியையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு நான் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு ஒரே மகன். அவன் நோர்வேயில் இருக்கிறான். இரண்டு பேரும் வயதுபோன பிறகு ஒரு வீட்டில் திரும்பவும் அண்ணன் தங்கையாக இருப்பது முதலில் கொஞ்சம் சிரிப்பாகவும் பிறகு வசதியாகவும் இருந்தது.

அவர் சிகரெட்டைக் கையால் தொடாதவர். அதனால் இருமல் தொடங்கியபோது சளி என்றுதான் நினைத்தோம். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பாணி மருந்து குடித்தார். இருமலோடு ரத்தம் வந்த பிறகுதான் நெஞ்சை எக்ஸ்ரே படம் பிடித்தோம்.

புற்றுநோய் கிளினிக்கில் எங்களைப் பார்த்த டொக்டர் இளம் பெண். கிளினிக் நாட்களில் இருப்பதற்கான வாங்குகள் நிறைந்து, சனம் சுவரோரமாக நிற்கும். அவருடைய குரல் பின்னேரம் ஆக ஆகக் கம்மிக்கொண்டு வரும். ஆனாலும் விளங்கப்படுத்தாமல் ஒருவரையும் அனுப்பமாட்டார். நுரையீரலில் எடுத்த சதைத்துண்டு இது புற்றுநோய், இன்ன வகை என்று பார்ப்பதற்கே சரியாகிவிட்டது, மிச்சமில்லை என்றார். புகை பிடிக்காதவர்களுக்கு வரும் இந்த வகையில் சிலருடைய கட்டிக்குள் ஒரு மரபணு மாற்றம் இருக்கும். அது இருந்தால் சேலைன் போல ஏற்றும் மருந்துக்குப் பதிலாக வாயால் விழுங்கும் ஒரு குளிசையே போதும். ஆனால் அது இருக்கிறதா என்று பார்க்கக் கட்டியில் இன்னொரு துண்டு வேண்டும்.

அண்ணை விலாவில் கை வைத்துக்கொண்டு டொக்டரைப் பார்த்தார்.

"ரீச்சர், இன்னொருக்கா ஊசி விட எனக்கும் விருப்பமில்லை," என்றார் டொக்டர் என்னிடம். "ரத்தத்திலை தேடிப் பாப்பம்."

"கட்டியிலை உள்ளது ரத்தத்திலை எப்பிடித் தெரியும்?"

"கட்டியிலை இருக்கிற கலங்கள், அதாவது செல்லுகள், சாகேக்கை அதுகளின்ரை டி.என்.ஏ. உடைஞ்சு துண்டு துண்டா ரத்தத்திலை கலக்கும். வலு கொஞ்சம்தான். அதைப் பிடிச்சுப் பாக்கிறதுதான் லிக்குவிட் பயொப்சி. இஞ்சை செய்ய வசதியில்லை. இந்தியாவுக்கு அனுப்புவினம்."

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். வழக்கமான குப்பி அல்ல. உள்ளே ஏதோ ஒரு மருந்து முன்னமே விடப்பட்டிருந்த தடித்த குப்பி. எடுத்தவர் அதைக் குலுக்காமல், தூங்கும் குழந்தையைப் புரட்டுவது போல மெல்ல மெல்லப் புரட்டினார். ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது, வெயிலும் படக்கூடாது, சாதாரண அறைச் சூட்டிலேயே போகவேண்டும் என்றார். இன்றைக்குக் கொழும்பு, பிறகு பிளேன். அண்ணை பஞ்சுத் துண்டை அமத்திப் பிடித்துக்கொண்டு, "எங்கடை மீனுக்கும் ஐஸ் போட்டுத்தான் அனுப்புறது. என்ரை ரத்தம் அதுவும் இல்லாமல், விசாவும் இல்லாமல் இந்தியாவுக்குப் போகுது," என்றார். அன்று முழுவதும் அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான். பஸ்ஸில் வரும்போது நித்திரையாகிவிட்டார்.

முடிவுக்குக் காத்திராமல் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். விடிய எழும்பி, கஞ்சி காய்ச்சி, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். நான் பொலித்தீன் பைகளை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருப்பேன், வரும்வழியில் அவர் சத்தி எடுப்பார் என்று. ஒருமுறை நெல்லியடிச் சந்தியில் பஸ் நிற்கும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை. முன் சீட்டிலிருந்த பெண் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைத் திருப்பி நீட்டினாள். தலைமயிர் தலையணையில் கொட்டியது. எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல இருக்கிறது என்றார். பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் இறங்கும். நான் பாடசாலையில் அரைநாள் லீவு கேட்டுக் கேட்டு, கடைசியில் அதிபர் நான் வாசலில் நிற்பதைக் கண்டாலே தலையாட்டிவிடுவார். வகுப்பில் ஒரு சமன்பாட்டை எழுதி, அதைச் சுருக்கும் வழியில் பாதியில் நின்றுவிடுவேன். பிள்ளைகள்தான் மெதுவாக அடுத்த வரியைச் சொல்லித் தருவார்கள்.

முடிவு வந்த நாளும் நான் பாடசாலையில்தான் நின்றேன். அது அண்ணையின் போனுக்கு வந்திருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் வழித்து, வேட்டி கட்டி, நெற்றியில் நாமத்தோடு விறாந்தையில் இருந்தார். மேசையில் கோயில் பொங்கல் வாழையிலையில் பொதிந்து கிடந்தது. ஒட்டோ பிடித்து வல்லிபுரத்துக்குப் போய் அர்ச்சனை செய்து, பிரசாதத்தை அயல் வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மகனுக்கும் போன் பண்ணியாயிற்று. இவ்வளவு நாளும் கட்டிலை விட்டு இறங்க என் தோளைத் தேடிய மனுசன்.

"பிள்ளை, ஒண்டுமில்லையாம்," என்றார். "இந்தா, நீயே பார்."

போனை வாங்கிப் பார்த்தேன். தடித்த எழுத்தில் 'நொட் டிடெக்டட்' என்று இருந்தது. கண்டறியப்படவில்லை. வாழ்நாள் முழுவதும் கப்பல் என்ஜின்களுக்கான ஆங்கிலப் புத்தகங்களை வாசித்துப் பழகியவர் அவர். எழுத்தைப் பிழையாக வாசிக்கவில்லை. என்ன கண்டறியப்படவில்லை என்பதைத்தான் விட்டுவிட்டார்.

எனக்கும் அது முழுவதாக விளங்கவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்று டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவர் முடிவை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, கட்டியின் டி.என்.ஏ. ரத்தத்தில் போதுமான அளவு கலக்கவில்லை என்றால் மாற்றம் இருந்தாலும் பிடிபடாது, இல்லை என்று வந்தால் இல்லை என்று எடுக்க முடியாது, கட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றார். ஏற்றுகிற மருந்தை நிற்பாட்டவே கூடாது என்றும் சொன்னார்.

அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. பொங்கலைப் பிரித்து இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாக்கில் இரும்பு ருசி போய்விட்டது என்றார். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் விடிந்ததும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, வியாழக்கிழமை கிளினிக்குக்கு இனிப் போகத் தேவையில்லைத்தானே என்று கேட்டார். இனிச் சொல்லாமல் இருக்க இயலாது.

"அண்ணை, உது வருத்தம் இல்லையெண்டு சொல்லேல்லை."

"எழுத்திலை கிடக்கு. நீ வாசிச்சனீதானே?"

"வாசிச்சனான். குளிசை குடுக்கக்கூடிய மாற்றம் ரத்தத்திலை பிடிபடேல்லை. அவ்வளவுதான் கிடக்கு. கட்டி அங்கைதான் இருக்கு. டொக்டரிட்டையும் கேட்டனான்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வெளியே மீன்காரனின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அதை எங்கள் வாசற்படலையில் நிற்பாட்டிவிட்டு அவன் கொஞ்சநேரம் பார்த்தான். ஒருவரும் எழும்பி வராததால் போய்விட்டான்.

"அப்ப இது கெட்ட செய்தியோ?"

"நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை அண்ணை. தெரியேல்லை."

"ரேடாரிலை ஒண்டும் விழேல்லை எண்டா கடலிலை ஒண்டும் இல்லையெண்டு கப்பலிலை இருக்கிறவன் நினைக்கமாட்டான்," என்றார் மெதுவாக. "நான் நினைச்சிட்டன்."

பிறகு மகனுக்கு என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். அயல் சனத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் கன நாட்களுக்கு ஆட்கள் படலையில் நின்று, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டல்தான் மருந்தைவிட அவரைக் களைக்கவைத்தது என்று எனக்குத் தோன்றும்.

மருந்து ஏற்றி முடித்தபின் சில மாதங்கள் நோய் அசையாமல் கிடந்தது. பிறகு எடுத்த ஸ்கானில் ஈரலிலும் முதுகெலும்பிலும் புள்ளிகள் இருந்தன. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதை மேசையில் வைத்துவிட்டு, இன்னொருமுறை ரத்தம் அனுப்பிப் பார்ப்போம் என்றார்.

"முதல் தேடினது தானே," என்றேன். எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பவும் டவுன், திரும்பவும் குப்பி, திரும்பவும் காத்திருப்பு.

"அப்ப வருத்தம் சின்னன். ரத்தத்திலை விழுந்தது போதாது. இப்ப கூடியிருக்கு. கூடினபடியால் பிடிபட வாய்ப்பும் கூட."

நான் ஒரு கணித ரீச்சர். அந்தத் தர்க்கம் எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதுதான் தொல்லை. நோய் பெருத்தால்தான் ரத்தம் பேசும். பேசினால்தான் குளிசை கிடைக்கும். அந்தக் கிழமைகளில் நான் விளக்கு ஏற்றிவிட்டு நிற்கும்போது என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அண்ணனுக்கு மரபணு மாற்றம் இருக்கவேண்டும் என்று ஒரு தங்கை கும்பிடுவதா? கடைசியில் அதைத்தான் கேட்டேன். அண்ணையும் அதையேதான் கேட்டிருக்கவேண்டும். ஏனென்றால் இந்தமுறை தன் போன் இலக்கத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். முடிவை நேரே டொக்டரிடமே போய்க் கேட்போம் என்றார்.

கிளினிக் கதவைத் திறந்தபோதே டொக்டரின் முகத்தில் தெரிந்தது.

"இருக்கு, ஐயா," என்றார்.

அண்ணை என்னுடைய கையைப் பிடித்தார். சின்ன வயதில் கூட அவர் அப்படிப் பிடித்தது எனக்கு நினைவில்லை. ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்ட ஒரு மனிதனும் அவனுடைய தங்கையும், புற்றுநோயின் மரபணு மாற்றம் கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டுக்கொண்டு அந்த அறையில் இருந்தோம். அடுத்த நோயாளியை அழைக்க வந்த நேர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, சுகப்பட்டுப் போகிற ஆட்கள் என்று நினைத்திருப்பார். திரும்பும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு பேரும் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

குளிசைக்கான செலவை மகன் ஏற்றுக்கொண்டான். ஒவ்வொரு நாளும் ஒன்று, காலையில். சில கிழமைகளிலேயே இருமல் நின்றது. முதுகு நோவு குறைந்தது. மாடியில்லாத வீட்டுக்குள் நடந்தாலே மூச்சு வாங்கியவர், கடற்கரைவரை நடந்து போய்வரத் தொடங்கினார். மீன் சந்தைக்குத் தானே போவார். நான் வாங்கும் மீனை இவ்வளவு நாளும் பேசாமல் சாப்பிட்டவர், எனக்கு மீன் பார்க்கத் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார். ஆனால் அந்தக் குளிசை முகமெல்லாம் பருக்களை எழுப்பியது. நகக்கண்கள் வெடித்துச் சீழ் வைத்தன. வயிறு நாளுக்குப் பலமுறை போகும். செருப்பின் வார் பட்டாலே கால்விரல் நோகும் என்று என்னுடைய பழைய துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்த நாட்களில்தான் காங்கேசன்துறைக்குப் போகவேண்டும் என்றார். இந்தியாவுக்குப் போகும் பயணிகள் கப்பல் வந்து நிற்கிறதாம், பார்க்கவேண்டுமாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் கொஞ்சம் கண்ணயர முடியும். ஆனாலும் போனேன். கரையோர வீதியால் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. துறைமுக வேலிக்கு வெளியே, தூரத்தில், வெள்ளைக் கப்பல் சின்னதாகத் தெரிந்தது. அண்ணை கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். புகையின் நிறத்தைப் பார்த்து, என்ஜினில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று குறை சொன்னார். கச்சான் கடலை விற்ற மனுசி அவருடைய முகத்துப் பருக்களைக் கண்டதும் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அம்மாள் வருத்தம் என்று பயந்துவிட்டாள்.

"அம்மாள் இல்லை, ஆச்சி. குளிசை," என்றார் அண்ணை சிரித்துக்கொண்டு.

அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கச்சானைச் சுற்றிக் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் அவர் ஒவ்வொன்றாக உடைத்து எனக்குத் தந்துகொண்டு வந்தார். நான் வாயில் போட்டபடியே நித்திரையாகிவிட்டேன். பருத்தித்துறையில் இறங்கும்போது என் மடி முழுவதும் கோது.

குளிசை எல்லோருக்கும் ஒரு காலத்துக்குத்தான் வேலை செய்யும், பிறகு நோய் அதற்குப் பழகிக்கொள்ளும் என்று டொக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ஒரு வருசம் கடந்து சில மாதங்களில் இருமல் திரும்பி வந்தது. முதலில் இரண்டு பேரும் கேட்காதது போல இருந்தோம். அவர் இருமும்போது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்பார். நான் குசினிக்குள் சட்டியை உரஞ்சுவேன். ஒரு நாள் கடற்கரைக்குப் புறப்பட்டவர் பாதியில் திரும்பி வந்து, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனோம்.

டொக்டர் மூன்றாம் தரமும் ரத்தம் கேட்டார். நோய் முதல் குளிசையை மீறி வளர்வதற்குப் புதிதாக இன்னொரு மாற்றத்தை எடுத்திருக்கலாம், அது இருந்தால் அதற்கென்று வேறு குளிசை இருக்கிறது என்றார். அண்ணை சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்கிறதெண்டா எடுங்கோ, டொக்டர்," என்றார். "வாறதை எனக்குச் சொல்லவேண்டாம். தங்கச்சிக்குச் சொல்லுங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால், அவர் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நித்திரை. அந்தத் தலையின் கனம் எனக்கு இப்போதும் தோளில் தெரியும். அவ்வளவு கனம் இருக்கவேண்டிய தலை அல்ல. அவர் மெலிந்திருந்தார்.

முடிவைக் கேட்க நான் தனியாகப் போனேன். பாடசாலையில் கூட்டம் இருக்கிறது என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் நம்பினாரோ தெரியாது. கிளினிக் இல்லாத நாள். டொக்டர் வார்ட்டுக்கு வெளியே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார். பழைய மாற்றம் நிறையவே தெரிகிறது. புதுக் குளிசைக்கு வேண்டிய மாற்றம் இல்லை.

"முதல்முறை மாதிரிப் பிடிபடாமல் கிடக்குதோ?" என்று கேட்டேன். அதை ஒரு நம்பிக்கையாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன்.

"இந்தமுறை அப்பிடி இல்லை, ரீச்சர். கட்டியின்ரை டி.என்.ஏ. ரத்தத்திலை தாராளமா இருக்கு. இருந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

மருந்து ஏற்றலாம், ஆனால் அவருடைய உடம்பு இனித் தாங்காது என்றார். மூச்சுக் கஷ்டத்தையும் நோவையும் குறைத்து, அவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். என்னுடைய கையின் மேல் தன் கையை வைத்தார். அவருடைய கண்ணுக்குக் கீழேயும் கறுத்திருந்தது. எத்தனை பேருக்கு இப்படி வாங்கில் இருந்து சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அண்ணை விறாந்தைக் கதிரையில் இருந்தார்.

"சாப்பிட்டனியோ?" என்றார்.

"இல்லை."

எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கி, கோப்பையில் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைத்திருந்தார். கடைவரை எப்படி நடந்தார் என்று நான் கேட்கவில்லை. கூட்டத்தில் என்ன கதைத்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்கு எதிரே இருந்தார். சொதி ஆறிப்போய்விட்டது. உப்பும் கூடிப்போயிருந்தது. ஆனால் நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அவர் ஒருநாளும் கேட்கவில்லை. குளிசை நிறுத்தப்பட்டதையும் நோவுக்கான பாணி மருந்து வந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்பதற்கு ஏதும் மிச்சம் இருந்திருக்காது. மகன் போனில் ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பான். இங்கே தெரியாதது போலவும் அங்கே தெரிந்ததாகவும் நான் இரண்டு ஆளாக இருந்தேன். சில நேரம் எனக்கு அண்ணையில் பொறாமையாகக்கூட இருந்தது. வருத்தம் அவருக்கு, அறிவு எனக்கு என்று பங்கு பிரித்துவிட்டாரே என்று. வகுப்பில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது சரியான விடைக்குப் பிழை போட்டுவிடுவேன். ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டினால், மன்னிக்கச் சொல்லி மாற்றிக் கொடுப்பேன்.

ஒரு காலை அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, விலாவில் பழைய குழாயின் தழும்பைச் சுற்றித் துடைக்கும்போது சொன்னார்.

"பிள்ளை, உனக்கு நான் பெரிய பாரத்தைத் தந்திட்டன். எனக்குத் தூக்க ஏலாமல்தான் தந்தனான்."

"ஓம் அண்ணை," என்றேன். துணியைத் திரும்பவும் தண்ணீரில் போட்டேன்.

மகன் வந்து நான்கைந்து நாட்கள் தகப்பனோடு இருந்தான். அவன் தகப்பனுக்குக் கால் நகங்களை வெட்டிவிட்டான். குளிசையால் வெடித்திருந்த நகங்கள் அதற்குள் ஆறியிருந்தன. அண்ணை ஒரு முற்பகலில், ஒட்சிசன் குழாய் மூக்கில் இருக்க, மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருக்கும்போது போனார். கடைசி நேரத்தில் போராட்டம் இல்லை. மூச்சுகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டு நீண்டு போய், அடுத்ததற்காக நாங்கள் காத்திருந்தோம். அது வரவில்லை.

கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு வந்த அன்று பின்னேரம், அண்ணையின் மகன் விறாந்தைப் படியில் ஈரத் தலையோடு இருந்தான். நான் உள்ளே ஆட்கள் குடித்துவிட்டு வைத்த கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் கூப்பிட்டான்.

"மாமி, ஒண்டு கேக்கவேணும். நானும் ரத்தம் குடுத்துப் பாக்கவேணுமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்பாவிலை இருந்த அந்த மாற்றம். எனக்கும் இருக்குமோ? என்ரை பிள்ளையளுக்கும்?"

இவ்வளவு காலமும் இவன் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டா போனில் குளிசை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைத்தேன். இதையும் டொக்டரிடம் நான் முன்னமே கேட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் போய் இருந்தேன்.

"அது பிறக்கேக்கை வந்த மாற்றம் இல்லையடா," என்றேன். "கட்டிக்குள்ளை மட்டும் பிறகு வந்தது. அப்பாவின்ரை மற்றக் கலங்களிலை அது இல்லை. உன்னட்டை வர வழியில்லை எண்டுதான் டொக்டர் சொன்னவ."

"நிச்சயமோ?"

"இது நிச்சயம்."

அவன் முழங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். சாவீட்டில் அழாதவன். நான் அவனுடைய முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் எழும்பவேண்டாம் மாமி, நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குப் போனான். சீனிப் போத்தல் எங்கே என்று கேட்டான். சொன்னேன். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கதிரையில் கொஞ்சம் சாய்ந்து இருப்போம் என்று போய் இருந்தேன்.

அவன் தேத்தண்ணி கொண்டுவந்ததையோ, என் காலுக்கு இன்னொரு கதிரையைப் போட்டு, தகப்பனுடைய போர்வையால் என்னை மூடிவிட்டதையோ நான் அறியேன். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. முற்றத்தில் அவன் ஒரு கயிற்றைக் கட்டி, கீரிமலையில் நனைந்த வேட்டிகளைத் தனியாளாகப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தான்.